மலைத் தேக்கத்து ஜலமும் உல்லாசப் படகும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

பாசனத்திற்காக ஜலம் தேக்கிவைக்கப்பட்டிருக்கும் மலை ஏரிகளில் உல்லாசப் படகுகள் விடுவதும், ஜனங்கள் கூட்டங்கூட்டமாய்ச் சென்று பொழுது போக்குவதும் தகுமா, தகாதா என்னும் கேள்வி நமது ஜில்லாக்களில் அடிக்கடி எழுகின்றது. குடியானவர்களில் ஒரு சாரார், "நாம் உழுது பயிரிடுவதற்கென்று கட்டிய அணையில் மற்றவர் விளையாடுவதா?" என்று மனங்கசந்து பேசுகின்றனர். பட்டணவாசிகளில் ஒரு சாரார், மலையும் நீரும் எல்லோருக்கும் பொதுவென்றும், குடியானவர்கள் ஏரியை வற்றடித்து அதன் அழகைக் கெடுக்கிறார்களென்றும் குறை கூறுகின்றனர். இவ்விரு கட்சியும் முழு நியாயமுடையனவல்ல. ஜலத்திற்கு முதலிடமும் உல்லாசத்திற்கு அடுத்த இடமும் கொடுத்து, அவ்வரிசை மாறாமல் காத்துவந்தால் இரண்டும் ஓரிடத்தில் வாழக்கூடும் என்பதே என் அபிப்பிராயம். இதனை நமக்கு நன்கு தெரிந்த பெரியாற்றுத் தேக்கத்தைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

தேக்கத்தின் அமைப்பு

மேற்கு மலைத்தொடரில் உற்பத்தியாகி மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றின் ஜலத்தைக் கிழக்கே திருப்புவதற்காக, கர்னல் ஜான் பென்னிகுயிக் என்னும் இஞ்சினீயரின் மேற்பார்வையில் 1887ஆம் வருஷம் தொடங்கப்பட்ட அணை 1895ஆம் வருஷத்தில் முடிவு பெற்றது. அதற்கு முன்னரே, 1886ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 29ந் தேதி, திருவிதாங்கூர் சமஸ்தானத்தாருக்கும் அக்காலத்துச் சர்க்காருக்கும் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. குத்தகைக் காலம் 999 வருஷம். நிலம் 8,000 ஏக்கர். வாடகை ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய். 1970ஆம் வருஷத்து உடன்படிக்கையில் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது; ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையும் கேரள ராஜ்யத்தாருக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. ஆகவே அணையும் ஜலமும் நமது பாசனத்திற்கு உரியனவாயினும், ஏரியைச் சூழ்ந்த காடும் அதிலுள்ள பிராணிகளும் அங்கு நடைபெறும் படகுப் பிரயாணமும் கேரள ராஜ்யத்தாரின் பொறுப்பில் உள்ளன என்பதை முதலில் மனதிற் கொள்ளவேண்டும்.

தேக்கத்தின் முழு உயரமாகிய 152 அடிக்கு நிரம்பினால் அது கொள்ளும் ஜலம் சுமார் 1,566 கோடி கன அடி. இதில் நமக்கு வரக்கூடியது முழுவதுமன்று. மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மேலான நீளத்திற்கு அமைத்த சுரங்கத்தின் வழியாகவே ஜலம் கிழக்கே வருகின்றது. நீர்மட்டம் 104 அடிக்கு இறங்கியபின் ஒரு சொட்டும் நம் பக்கம் வராது. அதற்குக் கீழே நிற்கும் ஜலம் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். இந்தப் பங்கு என்றைக்கும் மலையிலேயே நிற்கும். இவ்விஷயம் பின்னால் சொல்லப்போகும் வாதத்திற்கு மிக முக்கியமாகையால் வாசகர்கள் இதனை மறவாதிருக்க வேண்டும்.

சுரங்கத்தைக் கடந்த ஜலம் லோயர்கேம்பில் மின்சார யந்திரங்களைச் சுழற்றிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி முல்லையாறாகி, வைகையில் கலக்கின்றது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இதனையே நம்பியுள்ளது. அதற்கப்பால் 1959ஆம் வருஷம் திறக்கப்பட்ட வைகை அணையிலும், பின்னர் பேரணையிலும் பகிர்ந்தளிக்கப்பட்டு, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஜில்லாக்களின் நிலங்களுக்கும், வழியிலுள்ள அநேகம் ஊர்களின் குடிநீருக்கும் இந்த ஜலம் பயன்படுகின்றது. ஆதலால் இந்த ஏரியின் மட்டத்தில் ஓரடி ஏறுவதும் இறங்குவதும், கடைமடைக் குடியானவன் வீட்டுக் குதிரில் நெல் ஏறுவதையும் இறங்குவதையும் ஒத்ததாகும்.

உல்லாசம் வந்த விதம்

தேக்கம் நிரம்பியபின் அதனைச் சூழ்ந்த காடு 1899ஆம் வருஷத்திலேயே பாதுகாக்கப்பட்டதாக ஏற்படுத்தப்பட்டது. 1934ஆம் வருஷம் அதன் ஒரு பகுதி வனவிலங்குச் சரணாலயமாகியது. 1950ஆம் வருஷம் அது விரிவடைந்தது. 1978ஆம் வருஷம் புலிகள் காப்பகமாயிற்று. நீரில் மூழ்கிப்போன காட்டின் பட்டமரங்கள் இன்றும் ஏரியின் நடுவே நிற்பதையும், கரையில் யானைகளும் காட்டெருதுகளும் மேய்வதையும் காண்பதற்காகத் தேக்கடிக்குத் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஜனங்கள் வருகின்றனர். நமது மிராசுதார் குடும்பங்களும் அறுவடை முடிந்த மாதங்களில் குழந்தைகளுடன் அங்கு போய் வருவதை நாம் அறிவோம். ஆகையால் படகில் ஏறுகிறவர் வேறு, வரப்பில் நிற்கிறவர் வேறு என்று பிரித்துப் பேசுவது உண்மைக்குப் பொருந்தாது.

படகு ஜலத்தைக் குடிக்குமா?

சில குடியானவர்கள், படகு விடுவதால் பாசன ஜலம் குறைகிறதென்று எண்ணுகின்றனர். இது வீண் பயம். படகு நீரின்மேல் மிதக்கிறதேயன்றி நீரைச் செலவழிப்பதில்லை. வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிப் போகும் ஜலம் படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகத்தான் போகும். ஆயினும் உல்லாசத்தினால் மூன்று தீங்குகள் வரக்கூடும். முதலாவது, நீர்மட்டத்தைக் குறைக்கலாகாதென்னும் விருப்பம், இரண்டாவது, அசுத்தம், மூன்றாவது, உயிர்ச்சேதம். இவற்றைத் தனித்தனியே ஆராய்வோம்.

முதலாவது, நீர்மட்டம். உல்லாசப் பிரயாணிகளைக் கொண்டு பிழைப்பவர்களுக்கு ஏரி எப்பொழுதும் கரை ததும்ப நிற்கவேண்டுமென்ற ஆசை எழுவது இயல்பே. நீர் இறங்கினால் படகுத்துறையைக் கீழே இறக்கவேண்டும். சேற்றுக்கரை வெளியே தெரியும். பிரயாணிகள் சற்று அதிக தூரம் நடக்கவேண்டும். இந்த அசௌகரியத்தைத் தவிர்ப்பதற்காக ஜலத்தைத் திறப்பதில் தாமதம் நேருமானால் அது பெரும் அநியாயமாகும். கம்பம் பள்ளத்தாக்கில், இருப்புப் போதுமானதாயிருந்தால் முதற்போகத்திற்கு வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் ஜலம் திறக்கப்படுகின்றது. அப்பொழுது நாற்றங்கால் விடாதவன் இரண்டாம் போகத்தையும் காலந்தாழ்த்தியே நடவேண்டி வரும். அப்படித் தாழ்ந்த நடவு கதிர் முற்றும் சமயத்தில் ஜலமின்றித் தவிக்கும். பிரயாணி பத்து நாள் கழித்து வந்தாலும் மலை அங்கேயே நிற்கும், பருவமோ காத்திராது.

இதில் ஆராய்ந்து பார்க்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. பாசனத்திற்காக ஜலம் எடுப்பதால் இந்த ஏரி ஒருநாளும் வற்றிப்போவதில்லை. 104 அடிக்குக் கீழுள்ள மூன்றில் ஒரு பங்கு ஜலம் சுரங்கத்திற்கு எட்டாதென்பதை முன்னரே கண்டோம். ஆகவே நமது தேவை முழுவதையும் எடுத்தபின்னும் பிராணிகள் குடிப்பதற்கும் படகு மிதப்பதற்கும் அங்கு நீர் இருக்கும். இன்னும், கோடையில் மட்டம் இறங்கும்பொழுது வெளிப்படும் கரைகளில் பசும்புல் முளைக்கின்றது. காட்டிலுள்ள ஓடைகள் வறண்டுபோவதால் யானைகள் புல்லையும் நீரையும் தேடி ஏரிக்கரைக்கு வருகின்றன. விலங்குகளைக் காண விரும்புவோருக்கு இக்காலமே ஏற்றதென்பது அவ்விடத்து வழக்கம் அறிந்தோர் யாவரும் ஒப்புக்கொள்வர். ஆதலால் ஜலத்தைக் காலத்தில் திறப்பது உல்லாசத்திற்கு விரோதமன்று. பல சமயங்களில் அதற்கு அனுகூலமேயாகும். படகுத்துறை நீர்மட்டத்தைப் பின்பற்றிச் செல்லவேண்டுமேயன்றி, நீர்மட்டம் படகுத்துறைக்காகக் காத்திருத்தல் கூடாது.

எத்தனை அடி தேக்கலாம் என்பது வேறு பிரச்சினை. அணையின் உறுதியைக் குறித்து இரு ராஜ்யங்களுக்கும் இடையே நெடுங்காலமாய் வழக்கு நிகழ்ந்து, 1979ஆம் வருஷம் மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதும், பலப்படுத்தும் வேலைகளுக்குப்பின் 2014ஆம் வருஷம் மே மாதம் 7ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் 142 அடி வரை தேக்கலாமெனத் தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவையே. அணைக்குக் கீழே வசிக்கும் ஜனங்களின் அச்சத்தையும், நமது நிலங்களின் தேவையையும் நிபுணர்களும் நியாயஸ்தலங்களும் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும். அது இக்கட்டுரையின் விஷயமன்று. தேக்கியது எவ்வளவாயினும், அதனைப் பங்கிடும் வரிசை யாது என்பதே நாம் இங்கு ஆராய்வது.

அசுத்தமும் ஆபத்தும்

இரண்டாவது, அசுத்தம். இதுவே மூன்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது. மட்டம் இறங்கினால் அடுத்த மழையில் ஏறிவிடும். கெட்ட ஜலத்தைத் திருத்துவதோ தலைமுறைக்காரியம். நீலகிரியில் ஜான் சல்லிவன் 1823ஆம் வருஷத்தில் தொடங்கி அமைத்த உதகமண்டலத்து ஏரியைப் பாருங்கள். அழகான ஏரி, படகுகளும் ஏராளம். ஆனால் ஊரின் கழிவுநீர் கோடப்பமந்து வாய்க்கால் வழியாக அதில் கலந்து பல வருஷங்களாகிவிட்டன. இன்று அதனைக் கண்டு களிப்பாரேயன்றி, அதன் ஜலத்தைக் கைநிறைய அள்ளிக் குடிக்கத் துணிவார் யாருமிலர். ஊர் பெருகுவதற்கு முன்பே கழிவுநீருக்கு வழி செய்யாததன் பலன் அது. குமுளியும் தேக்கடியும் நாளுக்கு நாள் பெருகிவரும் ஊர்கள். சபரிமலை யாத்திரைக் காலத்தில் அங்கு கூடும் ஜனத்தொகை சொல்லத் தரமன்று. அவ்வூர்களின் கழிவு ஏரியையும் அதில் விழும் ஓடைகளையும் சேராமல் காப்பது அங்குள்ளவர்களின் சௌக்கியத்திற்கு எவ்வளவு அவசியமோ, அவ்வளவு நமது ஊர்க் கிணறுகளுக்கும் குழாய்களுக்கும் அவசியம்.

இதற்கு நல்ல உதாரணமும் இல்லாமலில்லை. கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள பேரிஜம் ஏரியின் ஜலம் பெரியகுளத்தாரின் குடிநீருக்கு உதவுவது. அங்கு வன இலாகாவின் அனுமதிச்சீட்டுப் பெற்றவர்களே போகலாம். அக்கட்டுப்பாட்டினால் ஏரியின் அழகு குறைந்ததென்று யாரும் சொல்வதில்லை. 2024ஆம் வருஷம் மே மாதம் 7ந் தேதி முதல் உதகமண்டலத்திற்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் முன்னதாகப் பதிவு செய்து சீட்டுப் பெறவேண்டுமென்று சென்னை ஹைகோர்ட்டார் உத்தரவிட்டனர். ஒரு மலை எத்தனை ஜனங்களைத் தாங்கும் என்று கணக்கிடுவதற்கு இது ஒரு தொடக்கமாகும். ஒரு காணியில் எத்தனை மாடு மேய்க்கலாமென்று கணக்கிடத் தெரிந்த குடியானவனுக்கு இக்கொள்கையை விவரித்துச் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது, உயிர்ச்சேதம். 2009ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 30ந் தேதி தேக்கடி ஏரியில் இரண்டு தட்டுள்ள உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் தோன்றிய விலங்குகளைக் காண ஜனங்கள் ஒரே பக்கம் நகர்ந்ததும் படகு சாய்ந்ததாகக் கூறப்பட்டது. மாண்டவர்களில் நமது ராஜ்யத்தாரும் பலர். மலைத் தேக்கம் கோயில் தெப்பக்குளமன்று. அதன் ஆழமும், நீருக்குள் மறைந்து நிற்கும் மரங்களும், திடீரென வீசும் காற்றும் அலட்சியத்தை மன்னியா. மிதவைச் சட்டை அணியாமலும், அளவுக்கு மேற்பட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டும் செல்லும் படகில் ஏற மறுப்பது பிரயாணியின் உரிமை மாத்திரமன்று, கடமையுமாகும்.

உல்லாசத்தினால் நமக்குள்ள நன்மை

இவ்வளவு கூறியபின், படகுகளை அடியோடு நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். அது யோசனையற்ற காரியம். ஏரிக்கு மழை நீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுவது காடு. காடு அழிந்தால் மழை பெய்தவுடன் வெள்ளம் மண்ணுடன் பாய்ந்து ஏரியைத் தூர்க்கும். மழை நின்றவுடன் ஓடைகள் வறண்டுவிடும். அக்காட்டைக் காப்பதற்குச் செலவு உண்டு, காவலர்கள் வேண்டும். அங்கு காட்டிற்குள் நுழைந்து வயணப் பட்டையைத் திருட்டுத்தனமாய் உரித்துப் பிழைத்தவர்களை, 1990களின் பிற்பகுதியில் வன இலாகாவினர் தண்டிப்பதோடு நிற்காமல், பிரயாணிகளுக்கு வழிகாட்டும் வேலையில் அமர்த்தினர். காட்டின் மூலைமுடுக்குகளை அறிந்த அவர்களே பின்னர் அதன் சிறந்த காவலர்களாயினர். பிரயாணி கொடுத்த கூலி மரத்தைக் காத்தது; மரம் ஜலத்தைக் காத்தது; அந்த ஜலம் நமது வயலுக்கு வந்தது. இச்சங்கிலியை நாமே அறுத்துவிடலாகாது.

அன்றியும், தேனியிலிருந்து குமுளி செல்லும் பாதையில் பிரயாணிகள் வாங்கிச் செல்லும் பழங்களும் காய்கறிகளும் நமது தோட்டங்களில் விளைந்தவை. 2023ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பெட்டியில் ஒழுங்காய் அடுக்கிச் சாலையோரத்தில் விற்பவன், இடைத்தரகருக்குக் கொடுக்கும் பங்கைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறான். ஆகவே உல்லாசப் பிரயாணியைச் சத்துருவென்று எண்ணாமல், வாடிக்கைக்காரராக எண்ணுவதே விவேகம்.

நமது கடமை

முதலுரிமை கேட்பவன் முதற்பொறுப்பையும் ஏற்கவேண்டும். ஏரியில் குப்பை போடாதே என்று பிரயாணிக்குச் சொல்லும் நாம், பூச்சிமருந்துக் குப்பிகளை வாய்க்காலிலேயே கழுவி அங்கேயே எறிவது நியாயமா? ஜலத்திற்காக மன்றாடும் நாம், மடையை இரவு முழுதும் திறந்துவிட்டுப் படுத்துக்கொள்வது நியாயமா? ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 14,707 ஏக்கரிலும் ஓர் அங்குல ஜலம் நிற்கவேண்டுமானால் அதற்கு 5 கோடியே 33 லட்சம் கன அடிக்கு மேல் தேவை. வினாடிக்கு 200 கன அடி வீதம் பாசனத்திற்குத் திறந்தால் ஒரு நாளைக்கு வருவது 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் கன அடி. அதாவது, இருபோக நிலம் முழுவதிலும் ஓர் அங்குலத்தை மிச்சம் பிடித்தால், மூன்று நாள் திறப்பு ஜலம் ஏரியிலேயே நிற்கும். கதிர் முற்றும் தறுவாயில் மூன்று நாள் ஜலம் என்ன விலை பெறும் என்பதை அனுபவசாலிகளே சொல்லட்டும்.

நெல் வயலில் எப்பொழுதும் ஜலம் தேங்கி நிற்கவேண்டுமென்பது அவசியமில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையினால் செலவாகும் ஜலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு வரை மிச்சமாகக்கூடுமென்று பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுள்ளனர். ஒரு அடி நீளமுள்ள குழாயில் கீழ்ப்பாதிக்குத் துளையிட்டு, அப்பாதியை வயலில் புதைத்து உள்மண்ணை எடுத்துவிட்டால், மண்ணுக்குள் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று கண்ணால் காணலாம். நடவு வேர்பிடித்துக் களை அடங்கியபின், குழாயில் நீர் தரைமட்டத்திற்கு அரை அடி கீழே இறங்கியதும் மறுபடியும் இரண்டு அங்குலம் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மாத்திரம் நீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். இதைச் செய்து காட்டுகிறவன், "ஜலத்தை வீணாக்குகிறீர்கள்" என்று எவரும் தன்னைச் சுட்டாதபடி தலைநிமிர்ந்து முதலுரிமை கேட்கலாம்.

சில யோசனைகள்

கிராம உத்தியோகஸ்தர்களும் ஆயக்கட்டுச் சங்கத்தாரும் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பார்களாக.

1. ஜலம் திறக்கும் தேதியும் அளவும் பயிர்ப்பருவத்தையும் குடிநீர்த் தேவையையும் மாத்திரம் கொண்டு தீர்மானிக்கப்படவேண்டும். அத்தேதி முன்னதாகப் பிரசுரிக்கப்பட்டால் படகுத்துறையாரும் தங்கள் ஏற்பாடுகளை அதற்குத் தக்கபடி செய்துகொள்ளலாம்.

2. குடிநீராகும் எந்த மலைத் தேக்கத்தைச் சுற்றிலும், கழிவுநீருக்குத் தக்க வழி செய்யாத புதிய விடுதிகளுக்கு அனுமதி அளித்தல் கூடாது. இது நமது ராஜ்யத்து மலைகளுக்கும் அண்டை ராஜ்யத்து மலைகளுக்கும் ஒன்றே.

3. பிரயாணிகளிடம் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு காட்டைக் காப்பதற்கும் ஓடைகளைச் சுத்தமாய் வைப்பதற்கும் செலவிடப்படவேண்டும்.

4. ஒவ்வொரு கிராமத்தாரும் ஜலம் திறக்குமுன் தங்கள் வாய்க்காலைத் தாங்களே வாரி, அதிலுள்ள கண்ணாடி, பிளாஸ்டிக் முதலியவற்றை அகற்றவேண்டும்.

5. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தேக்கடிக்கு அழைத்துச் செல்லும் உபாத்தியாயர்கள், யானையைக் காட்டுவதோடு நிற்காமல், சுரங்கம் எங்கே தொடங்குகிறது, அதன் ஜலம் தங்கள் ஊருக்கு எவ்வழியாய் வருகிறது என்பதையும் எடுத்துச் சொல்லவேண்டும்.

மலைத் தேக்கம் ஒன்றே. அதனை நோக்கிவரும் தாகங்கள் பல. வயலின் தாகமும் வாயின் தாகமும் காலங்கடந்தால் தீரா. கண்ணின் தாகம் சிறிது காத்திருக்கும். இவ்வரிசையை ஒப்புக்கொண்டு, தாங்களும் சிக்கனமாயும் சுத்தமாயும் ஜலத்தை உபயோகிக்கும் குடியானவர்களுக்கு, படகில் செல்பவரைப் பார்த்து மனங்கசக்க வேண்டிய அவசியம் இராது. வரும் போகத்திலேயே ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு மிராசுதாராவது தம் வயலில் ஓர் ஏக்கரில் மேற்சொன்ன நீர்ச்சிக்கன முறையைப் பரீட்சித்துப் பார்ப்பாராக. குழாயமைக்கும் விதத்தை நேரில் வந்து காட்டுவதற்கு விவசாய இலாகா ஊழியர்கள் சித்தமாயிருக்கின்றனர்.